விமானமும் சாசனமும்: தஞ்சைப் பெருங்கோயில் காட்டும் நாகரிகம்

1

ஒரு நாகரிகத்தின் உயர்வை அது விட்டுச்சென்ற கட்டடங்களின் உயரத்தைக்கொண்டு மதிப்பிடுதல் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். எகிப்தியரைப் பிரமிட்டுக்களாலும், கிரேக்கரைப் பார்த்தினன் கோயிலாலும், கெமர் மக்களை அங்கோர் வாட்டினாலும் நினைவுகூரும் உலகம், தமிழரைத் தஞ்சைப் பெருங்கோயிலால் நினைவுகூர்கின்றது. கட்டடம் கண்முன் நிற்பது; தொட்டுப் பார்க்கத்தக்கது; ஏடுகளைப்போல இடைச்செருகலுக்கு எளிதில் ஆளாகாதது. ஆகவே அது பொய் சொல்லாத சாட்சி என்னும் நம்பிக்கை வேரூன்றியுள்ளது. ஆனால், சாட்சி பொய் சொல்லாதிருத்தல் வேறு. நாம் அறிய விரும்புவதைச் சொல்லுதல் வேறு. கட்டடத்தை நோக்கி நாம் எழுப்பும் வினா யாது என்பதைப் பொறுத்தே அது தரும் விடையும் அமையும்.

தஞ்சைப் பெருங்கோயிலைப் பொறுத்தவரை இருவகை நோக்குகள் நம்மிடையே வழங்கிவருகின்றன. ஒன்று புகழ்ச்சி நோக்கு. விமானத்தின் நிழல் தரையில் விழுவதில்லை என்பதும், சிகரம் 80 தொன் நிறையுடைய ஒரே கல்லாலானது என்பதும் இந்நோக்கினர் சலியாது எடுத்துரைப்பவை. சூரியனின் நிலைக்கேற்ப அவ்விமானத்தின் நிழலும் ஏனைய கட்டடங்களின் நிழலைப்போன்றே விழுகின்றது. சிகரமும் பல கற்களை இணைத்தே அமைக்கப்பட்டது. மற்றையது மறுப்பு நோக்கு. பெருங்கோயில் மக்களின் உழைப்பைச் சுரண்டி எழுப்பிய அரச ஆடம்பரம், அதற்கு மேல் அதில் அறியத்தக்கது எதுவுமில்லை என்பது இந்நோக்கினர் முடிபு. முதலாமவர் அண்ணாந்து பார்ப்பதோடு அமைகின்றனர். இரண்டாமவர் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். இருசாராரும் கோயிலிலே வெட்டப்பட்டுள்ள எழுத்துக்களை நின்று படிப்பதில்லை என்பதே இவர்களிடையே காணப்படும் ஒற்றுமையாகும்.

உலகின் பெருங்கட்டடங்களுள் தன்னை நடத்துவதற்கான வரவு செலவையும், பணியாளர் பட்டியலையும், கடன் கணக்கையும் தன் உடலிலேயே இத்துணை விரிவாகத் தாங்கிநிற்பவை மிகச் சில. அவற்றுள் தஞ்சைப் பெருங்கோயில் ஒன்று. ஆதலால், பெருங்கட்டடங்கள் அவற்றை எழுப்பிய நாகரிகங்களைப்பற்றி எதனைக் கூறவல்லன, எதனைக் கூறமாட்டா என்னும் பொதுவினாவை ஆராய்வதற்கு இக்கோயில் மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். விமானம் அரசன் தன்னைப்பற்றிக் கூறவிரும்பியதைக் கூறுகின்றது. சாசனங்களோ அவ்விமானத்தைத் தாங்கிய சமுதாயம் எவ்வாறு இயங்கியது என்பதைக் கூறுகின்றன. இவ்விரண்டையும் ஒருசேரப் படித்தாலன்றிக் கட்டடத்தைப் படித்தவராக மாட்டோம் என்பதை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலிற் கட்டடத்தின் வடிவத்தை நோக்குவோம். கி.பி. 985 இல் அரியணையேறிய முதலாம் இராசராசன், தனது ஆட்சியின் 25 ஆவது ஆண்டின் 275 ஆவது நாளில், விமானத்தின் உச்சியில் வைப்பதற்குப் பொன் வேய்ந்த செப்புக்குடத்தை அளித்தான் எனச் சாசனம் கூறுகின்றது. இது கி.பி. 1010 ஆம் ஆண்டாகும். ஏறக்குறைய 60 மீற்றர் உயரமும் பதின்மூன்று நிலைகளும் கொண்ட இவ்விமானத்துக்கு முன்னர்ச் சோழநாட்டில் எழுந்த கற்றளிகள் பெரும்பாலும் சிற்றளவின. அவற்றின் அழகு நுணுக்கத்தில் அமைந்தது. தஞ்சையில் அளவே பொருளாகிவிட்டது. படிப்படியான வளர்ச்சியின் அடுத்த படியாக இதனைக் கொள்ளவியலாது. வேண்டுமென்றே செய்யப்பட்ட ஒரு பாய்ச்சலாகவே கொள்ளவேண்டும். காவிரி படுகையின் வண்டல் நிலத்திலே கருங்கற் பாறைகள் இல்லை என்பதையும் இங்கு மனங்கொள்ளவேண்டும். கல்லில்லாத இடத்தில் கல்மலை ஒன்றை எழுப்பியமையே அரசனுடைய ஆற்றலை அறிவிக்கும் செயலாக அமைந்தது. விமானம் தட்சிணமேரு எனப் பெயர் பெற்றது. இறைவனோ அரசன் பெயரால் இராசராசேச்சரமுடையார் எனப்பட்டார்.

அமைப்பு எளிமையானது. சதுரமான அடித்தளத்தின்மீது செங்குத்தாக எழும் சுவர்கள். அவற்றின்மீது படிப்படியாகக் குறுகிச்செல்லும் நிலைகள். நடுவே ஒரே மூலத்தானம். நுழைவாயிற் கோபுரங்கள் உண்டெனினும் அவை விமானத்தினும் மிகத் தாழ்ந்தவை. பார்ப்போர் கண் எத்திசையினின்று நோக்கினும் மையத்திலேயே சென்று தங்குகின்றது. விசயநகர, நாயக்கர் காலங்களிற் பெருவளர்ச்சியுற்ற மதுரை, திருவரங்கம் முதலிய கோயில்களை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கு விமானம் சிறியது. புறமதிலிலுள்ள கோபுரங்களே விண்ணளாவுவன. அக்கோயில்கள் பாடல்பெற்ற பழம்பதிகள். அவற்றின் மூலத்தானத்தின் புனிதத்தைக் கருதி அதனை மாற்றியமைக்கத் துணியாத பிற்கால மன்னரும் செல்வரும், வெளியே வெளியே மதில்களையும் மண்டபங்களையும் கோபுரங்களையும் சேர்த்துச் சென்றனர். பல தலைமுறைகளின் பல கைகள் அவற்றிலே தெரிகின்றன. தஞ்சையிலோ ஒரு மன்னனின் ஒரே திட்டம் தெரிகின்றது. கட்டடத்தின் உயர்ந்த பகுதி எங்கே அமைந்துள்ளது என்னும் ஒரு செய்தியே அக்கட்டடம் எவ்வகை அதிகாரத்தின் விளைவு என்பதைக் காட்டப் போதுமானதாகின்றது.

கலை நோக்கிலும் இத்திட்டத்தின் ஒருமை போற்றத்தக்கதே. கருவறையைச் சுற்றியுள்ள உள்ளறையில், நாயக்கர் கால ஓவியப் பூச்சின் கீழ் மறைந்துகிடந்த சோழர்கால ஓவியங்கள் 1931 இல் எஸ். கே. கோவிந்தசாமி அவர்களாற் கண்டறியப்பட்டன. மேல்தள உள்சுற்றிலே சிவபெருமான் ஆடும் 108 கரணங்களுள் 81 கரணங்கள் செதுக்கப்பட்டுள்ளன; எஞ்சியவற்றுக்குரிய கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. இவ்வெறுங் கற்கள் கவனத்துக்குரியன. புறத்தே முழுமையாகத் தோன்றும் கட்டடம் அகத்தே முற்றுப்பெறாதிருக்கின்றது. அரசனின் அறிவிப்பு உரிய காலத்தில் நிறைவெய்திவிட்டது. சிற்பியின் பணி நிறைவெய்தவில்லை.

3

இனிச் சாசனங்களுக்கு வருவோம். தான் கொடுத்தனவும், தன் தமக்கை கொடுத்தனவும், தன் தேவியர் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் விமானத்திலே கல்லில் வெட்டப்படவேண்டும் என இராசராசன் ஆணையிட்டான். அதன் விளைவாக அதிட்டானத்திலும் திருச்சுற்று மாளிகையின் சுவர்களிலும் தூண்களிலும் நீண்ட சாசனங்கள் பொறிக்கப்பட்டன. ஊல்ட்சு அவர்கள் 1891 முதல் தென்னிந்திய சாசனங்கள் வரிசையின் இரண்டாந் தொகுதியில் இவற்றைப் பதிப்பிக்கத் தொடங்கியதன் பின்னரே வரலாற்றாசிரியர் இக்கோயிலை முறையாகப் படிக்கும் வாய்ப்பைப் பெற்றனர்.

இச்சாசனங்களில் முதலிற் புலப்படுவது செல்வம் வந்த வழி. சேரரையும் பாண்டியரையும் வென்று கைப்பற்றிய பண்டாரங்களிலிருந்தும், மேலைச் சாளுக்கிய மன்னன் சத்தியாசிரயனை வென்று பெற்ற பொருளிலிருந்தும் பொன்னும் வெள்ளியும் கோயிலுக்கு வழங்கப்பட்டன. இதனை மறைக்கவேண்டும் என்ற எண்ணம் சாசனத்தை எழுதுவித்தோர்க்குச் சிறிதுமில்லை, பெருமையாகவே கூறுகின்றனர். போரின் கொள்ளை கோயிலின் கொடையாக மாறுவதை அக்காலத்து அறவுணர்வு இயல்பாக ஏற்றது.

ஆயினும் கொள்ளைப்பொருளைக்கொண்டு கோயிலை எழுப்பலாம், நாள்தோறும் நடத்தவியலாது. நடைமுறைச் செலவுக்கு நிலமும் கால்நடையும் வட்டியும் வேண்டும். இவை பற்றிய சாசனப் பகுதிகளே நாகரிகத்தின் உள்ளமைப்பை வெளிப்படுத்துவன. ஒரு நொந்தா விளக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். அவர்க்குப் பிணையாக நின்றோர் பெயர்களும் உடன் பொறிக்கப்பட்டன. ஆடுகள் சாகலாம், மூப்படையலாம், ஆனால் கணக்கில் அவை குறைவதில்லை. சோழர்காலச் சாசனங்கள் இத்தகைய ஆடுகளைச் சாவா மூவாப் பேராடுகள் என்கின்றன. ஆடு பெருகினால் அப்பெருக்கம் இடையர்க்கு. குறைந்தால் அக்குறையும் அவர்க்கே. கருவறையில் எரிந்த ஒவ்வொரு சுடரின் பின்னும் மேய்ச்சல் நிலமொன்றில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டிருந்தது. அதே வேளையில் அக்குடும்பத்துக்கு ஒரு மூலதனமும் கிடைத்திருந்தது. இவ்விரண்டும் ஒரே ஏற்பாட்டின் இரு முகங்கள்.

பணமும் அவ்வாறே இயங்கியது. கோயிலுக்குக் கொடையாக வந்த காசு கருவூலத்திற் கிடந்து துருவேறவில்லை. அது ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்காற் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம், பொலிசை பெறப்பட்டது. சில கடன்களுக்குக் காசாகவும், சிலவற்றுக்கு நெல்லாகவும் வட்டி அளக்கப்பட்டது. இறைவனின் நீருக்கு மணமூட்ட வேண்டிய ஏலம், சண்பக மொட்டு, இலாமிச்சை ஆகியவையும் வாழைப்பழமும் இத்தகைய முதலீடுகளின் வட்டியாலேயே வந்துசேர்ந்தன. வேளாண்மைக்குரிய மூலதனத்தை ஊர்களிடையே பகிர்ந்தளிக்கும் நிறுவனமாகக் கோயில் இயங்கியமையை ஜோர்ச் ஸ்பென்சர் 1968 இல் வெளிவந்த கட்டுரையில் எடுத்துக்காட்டினார். கோயில் வங்கியாக இயங்கியது என்று இன்று எளிதாகக் கூறிவிடுகின்றோம். அவ்வுவமை ஓரளவுக்கே பொருந்தும். கடன் பெற்ற சபை முதலைத் திருப்பிக்கொடுத்து விடுதலையடையும் ஏற்பாடு இங்கு முதன்மையாகவில்லை. சந்திரசூரியர் உள்ளவரை வட்டி செலுத்துவதே எதிர்பார்க்கப்பட்டது. நிலையான உறவை ஏற்படுத்துதலே இக்கடனின் நோக்கமாயிற்று.

4

கணக்கு இவ்வாறிருக்க, மனிதர் எங்கே என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்கும் சாசனங்கள் விடை தருகின்றன. எனினும் சமமான விடை தரவில்லை.

தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பட்டியல் மிக நீண்டது. சோழமண்டலத்தின் பல கோயில்களிலிருந்து இவர்கள் கொண்டுவரப்பட்டுத் தஞ்சையிற் குடியேற்றப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் வழங்கப்பட்டன. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்த எப்பெண் குடியிருந்தாள் என்பது வரை கல்லிலே குறிக்கப்பட்டுள்ளது. அரசியரும் இளவரசியரும் அல்லாத பெண்கள் இத்துணைப் பேரின் பெயரை ஒரே இடத்தில் தரும் பழஞ்சான்று உலகில் அரிது. நட்டுவர், பாடுவோர், கொட்டுவோர், கணக்கர், குசவர், வண்ணத்தார், நாவிதர், தையற்காரர், தச்சர் எனப் பிறரும் அடுத்து வருகின்றனர். நட்டுவம் செய்தவர்க்குத் தலைக்கு இரண்டு பங்கு. திருப்பதியம் பாடுவதற்கு அமர்த்தப்பட்ட பிடாரர், அவர்க்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசித்தோர் உட்பட 50 பேர். இவர்க்குத் தலைக்கு நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல். கலம் ஒன்றுக்குப் பன்னிரண்டு குறுணியாகக் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு ஏறக்குறைய 90 கலமாகின்றது. ஆடும் பெண்ணின் பங்கு பதியம் பாடும் பிடாரரின் பங்கினும் குறைந்ததன்று என்பது இக்கணக்கினாற் பெறப்படுகின்றது. பிற்காலத்திலே தேவதாசி முறை அடைந்த இழிநிலையைப் பதினொராம் நூற்றாண்டின்மீது ஏற்றிக்கூறுவோர் இதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

பணியுரிமை பற்றிய விதிகளும் குறிப்பிடத்தக்கவை. பங்குடையார் ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அவருக்கு அடுத்த உரிமையுடையார் அப்பங்கைப் பெற்றுப் பணிசெய்யலாம். அவருக்குத் தகுதியில்லையாயின் தகுதியுடைய ஒருவரை அமர்த்திப் பணிசெய்விக்கலாம். உரிமையுடையார் எவரும் இல்லாவிடத்து அப்பிரிவைச் சேர்ந்தோரே தகுதியுடையாரைத் தெரிந்தெடுக்கலாம். அடிமை முறை என்ற ஒரு சொல்லால் இதனை ஒதுக்கிவிட இயலாது. அவ்வாறே, இப்பெண்களிடம் தம் ஊரைவிட்டு வரச் சம்மதமா என வினவப்பட்டதாகவும் சாசனத்திற் குறிப்பில்லை. உரிமையும் கட்டாயமும் ஒரே ஆணையிலே பின்னிக்கிடக்கின்றன. இப்பின்னலே அச்சமுதாயத்தின் இயல்பு. லெஸ்லி ஓர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், சோழர்காலக் கோயிற் பெண்டிர் தாமே கொடையாளராக விளங்கியதைப் பல சாசனங்கள்வழி விளக்கியுள்ளார். அப்பொதுநிலையோடு ஒப்பிடுகையில், அரசாணையால் நானூறு பேரை ஒருங்கே திரட்டிய தஞ்சை ஒரு விதிவிலக்காகவே தோன்றுகின்றது.

கட்டியோரின் நிலை வேறு. தலைமைத் தச்சனின் பெயர் சாசனத்தில் உண்டு. வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்பது அப்பெயர். இப்பெயரிலே அரசனின் பெயர் முற்பட்டு நிற்கின்றது; படைத்தவனின் பெயர் படைக்கச் செய்தவனின் பெயருக்குள் அடங்கிவிடுகின்றது. அவனுக்கு அடுத்த நிலையிலிருந்த தச்சர் இருவரும் நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என அரசகுலப் பெயர்களையே தாங்கினர். தொலைவிலுள்ள பாறைகளிலிருந்து கல்லுடைத்தோர், சுமந்தோர், சாரங்கட்டியோர் பற்றியோ இவ்வளவு விரிவான கணக்கிலே பட்டியல் எதுவும் இல்லை. கோயில் கட்டிமுடிந்த பின் அதில் வாழ்ந்த உழைப்பைச் சாசனம் எண்ணியது. கட்டிய உழைப்பை எண்ணவில்லை.

இவற்றினும் ஆழமான செய்தியொன்று நிலக்கொடைச் சாசனங்களிலே உள்ளது. கோயிலுக்கு நெல் அளக்கவேண்டிய ஊர்களின் நிலத்தை அளந்தபோது, வரி பெறவியலாத பகுதிகள் நீக்கப்பட்டன. ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு என அவை ஒவ்வொன்றாகக் கூறப்படுகின்றன. தீண்டாச்சேரி என்னும் சொல்லும் அங்கு வருகின்றது. பறையருக்குரிய சுடுகாடு தனியே குறிக்கப்படுகின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஊர் எவ்வாறு பிரிந்துகிடந்தது, யார் எங்கே வாழ்ந்தனர், இறந்தபின்னும் யார் எங்கே எரிக்கப்பட்டனர் என்பதை வரிக்கணக்கன் எவ்வித உணர்ச்சியுமின்றி எழுதிச்சென்றான். நொபொரு கராசிமா 1984 இல் வெளியிட்ட நூலிலே சோழர்கால ஊரமைப்பை ஆராய்வதற்கு இப்பட்டியல்களைப் பயன்படுத்தியுள்ளார். விமானத்தைப் பாடுவோர் இவ்வரிகளையும் வாசித்தல் கடன். தமிழர் நாகரிகத்தின் உச்சம் என நாம் காட்டும் கட்டடமே அந்நாகரிகத்தின் பிளவையும் ஆவணப்படுத்தி நிற்கின்றது.

5

இச்சான்றுகளை வைத்து ஆய்வாளர் எழுப்பிய கோட்பாடுகளுள் மூன்றினை இங்கு மதிப்பிடுதல் தகும். நீலகண்ட சாத்திரியார் 1930 களில் வெளியிட்ட சோழர் வரலாற்றில், நன்கு அமைந்த அதிகார வர்க்கத்தையுடைய வலுவான பேரரசைக் கண்டார். பேட்டன் ஸ்ரைன் 1980 இல் வெளியிட்ட நூலில் இதனை மறுத்து, நாடுகள் எனப்பட்ட உழவர் வட்டாரங்களே உண்மையான அதிகார அலகுகள் என்றும், சோழ மன்னரின் தலைமை பெரும்பாலும் சடங்கியல் சார்ந்தது என்றும் வாதித்தார். தஞ்சைச் சாசனங்கள் இருவர்க்கும் முழுமையாக இடந்தரவில்லை. தொலைவிலுள்ள ஊர்ச் சபைகள் திருமெய்காப்பு செய்வோரையும், பண்டாரத்துக்குப் பிரமசாரிகளையும் அனுப்பவேண்டுமென்று ஊர் ஊராகப் பெயர் குறித்து ஆணையிட்ட அரசனைச் சடங்குத் தலைவன் என ஒதுக்கவியலாது. ஆனால், அவ்வாணையை நிறைவேற்றியோர் ஊதியம் பெற்ற அரச அலுவலர் அல்லர். ஊர்ச் சபையாரும் இடையரும் நகரத்தாருமே. மையம் ஆணையிட்டது, ஊர் நிறைவேற்றியது. ஒன்றின் வலிமை மற்றதன் வலிமையைச் சார்ந்திருந்தது.

ஈழத்துத் தமிழியல் ஆய்வில் இத்துறைக்குப் புதுவழி காட்டியவர் பேராசிரியர் க. கைலாசபதி. 1966 இல் வெளிவந்த பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும் என்னும் நூலிலுள்ள பேரரசும் பெருந்தத்துவமும் என்ற கட்டுரை, சோழப் பேரரசின் சமூக அமைப்பையும் சைவ தத்துவத்தின் வளர்ச்சியையும் தொடர்புபடுத்தி நோக்கியது. சமயத்தைச் சமுதாயத்தினின்றும் பிரித்துப் பேசிய மரபுக்கு அது வேண்டிய திருத்தமாக அமைந்தது. எனினும், அரசமைப்புக்கும் தத்துவ அமைப்புக்கும் நேரொப்புமை காணுகையிற் காலவரன்முறை இடர்ப்பாடு ஒன்றைத் தோற்றுவிக்கின்றது. பெருங்கோயில் பதினொராம் நூற்றாண்டின் தொடக்கத்திலே எழுந்தது. மெய்கண்டாரின் சிவஞானபோதமோ சோழர் தளர்வுற்ற பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளில் அவ்வுறவைத் தாங்கிநின்றது யாது? சாசனங்கள் இதற்கு ஒரு விடையைக் குறிப்பாகத் தருகின்றன. கோயிலில் நெல்லளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். அது ஆடும் இறைவனின் பெயர். நெல்லை அளக்குந்தோறும் உழவன் இறைவனின் பெயரைச் சொன்னான். தத்துவம் நூலாக எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே நடைமுறையாக வாழ்ந்தது எனக் கொள்வது பொருந்தும்.

6

பெருங்கோயிலின் அளவும் அதன் வாழ்வும் ஒன்றல்ல என்பதை அதன் பிற்கால வரலாறு காட்டுகின்றது. ஸ்பென்சர் 1969 இல் எழுதிய மற்றொரு கட்டுரையில், தஞ்சைக் கோயில் தன்னைச் சூழ்ந்த சமய வலையமைப்பின்மூலம் அரச செல்வாக்கைப் பரப்பியதை விளக்கினார். இவ்விளக்கத்தைச் சற்று மறுபுறமாகவும் திருப்பிப் பார்க்கலாம். திருவாரூர், பழையாறு, திருவையாறு, நாகப்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து ஆடுமகளிரை வருவிக்கவேண்டியிருந்தது என்பதன் பொருள், ஆடற்கலையும் அதனைப் பேணிய மரபும் அவ்வூர்களிலேயே இருந்தன என்பதாகும். தஞ்சை அவற்றை உண்டாக்கவில்லை, ஒன்றுதிரட்டியது. நாயன்மார் பதிகங்களும் அவ்வாறே. அவை பிறந்த இடங்கள் காவிரியின் இருகரையிலுமுள்ள சிறு பதிகள். இராசராசேச்சரம் அவற்றைப் பாடுவதற்கு நெல் அளந்தது. முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கி அங்கு மற்றொரு பெருங்கோயிலை எழுப்பியதும், தஞ்சையின் அரசியல் முதன்மை மங்கியது. சிதம்பரமும் திருவாரூரும் தலைநகராக இல்லாமலே தழைத்தன. அவற்றின் வேர் மக்களின் வழிபாட்டிலே இருந்தது. தஞ்சையின் வேர் அரசனின் ஆணையிலே இருந்தது.

ஈழத்தில் வாழும் நமக்கு இக்கோயிலின் சாசனங்கள் அயலார் செய்தியல்ல. ஈழமான மும்முடிச்சோழமண்டலத்து ஊர்கள் சிலவும் இக்கோயிலுக்கு நெல்லும் காசும் அளிக்குமாறு விடப்பட்டன. அவற்றின் அமைவிடத்தைக் குறிக்கையிற் கொட்டியாரம் என்னும் பெயர் வருகின்றது. விமானத்தின் நிழல் தரையில் விழுவதில்லை என்பர். ஆனால் அது கடல்கடந்து கொட்டியாரத்து வயல்வரை விழுந்திருக்கின்றது. அவ்வயல்களில் உழைத்தோர் அவ்விமானத்தை ஒருநாளும் கண்டிருக்கமாட்டார். சோழர் ஈழத்தில் எழுப்பியவையோ சிறியன. பொலன்னறுவையிலுள்ள வானவன்மாதேவி ஈச்சரம் கச்சிதமான ஒரு கற்றளி. மாதோட்டத்திலே தாழிகுமரன் என்பான் எடுப்பித்த இராசராச ஈச்சரம் இன்று இல்லை. அதனைக் கூறும் சாசனம் மட்டும் கொழும்பு நூதனசாலையில் உள்ளது. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை, இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயருடன் விளங்கியபோது, அங்கும் விளக்கெரிக்கப் பசுக்களும் காசும் கொடையாக வழங்கியதைத் தமிழ்ச் சாசனங்கள் கூறுகின்றன. தஞ்சையில் ஆடுகொண்டு நெய்யளந்த அதே முறை பௌத்தப் பள்ளியிலும் நடந்தது. இராசராசன் பெயரைச் சைவக் கோயிலும் பௌத்தப் பள்ளியும் ஒருங்கே தாங்கின என்பது, பழங்கட்டடங்களை ஓர் இனத்தின் அல்லது ஒரு சமயத்தின் தனியுரிமைச் சான்றாகக் காட்டி வழக்காடும் போக்கு மிகுந்துள்ள இந்நாட்டில் இருசாராரும் சிந்திக்கவேண்டிய உண்மையாகும்.

7

கட்டடம் தன்னை எழுப்பிய காலத்தோடு நின்றுவிடுவதுமில்லை. தஞ்சையில் அம்மன் கோயில் பாண்டியர் காலத்தது. சுப்பிரமணியர் கோயிலும் இன்றுள்ள பெருநந்தியும் நாயக்கர் காலத்தவை. 1803 இல் மராத்திய மன்னர் தம் குலவரலாற்றை மராத்தி மொழியில் அதே வளாகத்துச் சுவரிலே பொறித்தனர். 1954 இல் வெளியான இந்திய ஆயிரம் ரூபா நாணயத்தாளில் இக்கோயில் இடம்பெற்றது. 1987 இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. 2010 இல் ஆயிரமாவது ஆண்டு நிறைவு அரச விழாவாகக் கொண்டாடப்பட்டபோது, ஆயிரம் நடனக் கலைஞர் கோயில் முன்றிலில் ஆடினர். ஒவ்வோர் ஆட்சியும் தன்னை இவ்விமானத்தோடு சேர்த்துக் காட்டவே விரும்பிவந்துள்ளது. நாகரிகத்தைப்பற்றிப் பெருங்கட்டடம் கூறுவதோடு, அதனை எடுத்துக்காட்டுவோரைப்பற்றியும் அது கூறுகின்றது.

தொகுத்து நோக்குமிடத்து, பெருங்கட்டடம் ஒரு நாகரிகம் எவ்வளவு திரட்டவல்லது என்பதைத் திண்ணமாக உணர்த்துகின்றது: எவ்வளவு நெல், எவ்வளவு பொன், எத்தனை மனிதர், எத்துணைத் திறன். திரட்டப்பட்டவை எங்கே விளைந்தன, யாரிடமிருந்து வந்தன, யார் கணக்கில் விடுபட்டனர் என்பவற்றைக் கட்டடத்தின் உயரம் உணர்த்தாது. தஞ்சையின் சிறப்பு, அவ்விடைகளின் பெரும்பகுதியையும் அதுவே எழுதிவைத்துள்ளமை. தன் கொடையைப் பறைசாற்ற விரும்பிய அரசன், தான் அறியாமலே தன் காலத்து ஊர்களையும், தெருக்களையும், சேரிகளையும், சுடுகாடுகளையும் நமக்கு விட்டுச்சென்றான். ஆடுமகள் ஒருத்தியின் வீட்டிலக்கமும், இடையன் ஒருவனின் நெய்யளவும், தீண்டாச்சேரியின் எல்லையும் பதிந்த கல்லின்மீதே அறுபது மீற்றர் விமானம் நிற்கின்றது. நம் முன்னோரின் கோயில் எனப் பெருமை கொள்வோமாயின், அக்கல்லின் எழுத்து முழுவதுக்கும் நாம் உரியவராதல் வேண்டும். உவப்பான வரிகளை மட்டும் தெரிந்தெடுக்கும் உரிமை நமக்கில்லை.